ஜாலூர் என்றால் கோடு இல்லை, வரி

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி போன வாரம் மலேசியத் தேசியக் கொடி வரைய உட்கார்ந்தாள். பாடத்தில் "14 கோடுகள்" என்று இருந்ததால் ரூலரை வைத்து 14 கோடு போட்டுவிட்டு எண்ணினாள். 15 கட்டம் வந்தது. "தாத்தா, ஒண்ணு கூட வருதே" என்றாள். பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. சொல் தப்பு.

இந்தக் "கோடுகள்" என்ற சொல்லை ஒவ்வோர் ஆகஸ்டிலும் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. 1997 ஆகஸ்ட் 31 அன்று பிரதமர் மகாதீர் நம் கொடிக்கு மலாய் மொழியில் ஜாலூர் கெமிலாங் என்று பெயர் சூட்டினார். அதிலிருந்து "ஒளிமிகு கோடுகள்", "புகழ்மிகு கோடுகள்" என்று எழுதுகிறார்கள், மேடையில் பேசுகிறார்கள். கெமிலாங் என்றால் ஒளி, புகழ், சரி. ஆனால் ஜாலூர் எப்படிக் கோடு ஆகும்? மலாய்ச் செய்தியில் காஸாவை "ஜாலூர் காஸா" என்கிறார்கள். அதைக் காஸா கோடு என்று யாராவது மொழிபெயர்ப்பார்களா? ஜாலூர் என்பது நீண்டு கிடக்கிற, அகலமும் உள்ள ஒன்று. கோட்டுக்கு நீளம் மட்டும்தான்.

அந்த அகலத்தில்தான் கொடியின் பொருளே இருக்கிறது. முகமது ஹம்சா வரைந்து, 1950-இல் ஏற்றப்பட்ட மலாயாக் கொடியில் 11 ஜாலூர்தான் இருந்தன. 1963-இல் மலேசியா உருவானபோது 14 ஆயின. இன்று 13 மாநிலங்களுக்கும் கூட்டரசுக்கும் ஆளுக்கு ஒன்று. பெரிய மாநிலம், சின்ன மாநிலம் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே அகலம், அதாவது ஒரே மதிப்பு. அகலமே இல்லாத கோட்டை வைத்துக்கொண்டு இதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

சிலர் "பட்டை" என்கிறார்கள். கோட்டைவிட இது எவ்வளவோ மேல், விபூதிப் பட்டைக்கு அகலம் உண்டே. ஆனாலும் பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிய குடும்பங்கள் இருக்கிற ஊர் இது, இங்கே பட்டை என்றால் முதலில் கத்தி இறங்குகிற மரப்பட்டைதான் மனசில் வரும். அதோடு ஒரு நிறத்துக்கு அடுத்து இன்னொரு நிறம் மாறி மாறி வருவதைப் பட்டை சொல்லாது. அதைச் சொல்ல நம்மிடம் வரி இருக்கிறது. வரிக்குதிரை, வரிப்புலி. புலிக்கே கொடுவரி என்று பழைய பெயர் உண்டு, வளைந்த வரிகளை உடையது என்று. மலேசியச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்பதும் அந்தப் புலிதான். வரி என்றால் ஆட்கள் வருமான வரி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதாடினார். வரிக்குதிரையைப் பார்த்து வரி கட்டுகிற குதிரை என்று எந்தப் பிள்ளையும் நினைத்ததில்லையே! அகராதியில் முதலில் கண்ணில் படுகிற சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு, பொருளைப் பார்க்காமல் போவதுதான் இப்போது மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது.

பெயரை ஜாலூர் கெமிலாங் என்றே வைத்துக்கொள்ளலாம், அது பெயர். விளக்கம் சொல்லும்போது சுடர்வரிக் கொடி என்று சொன்னால் போதும்.

கொடி வாங்கும்போதும் வரியை எண்ணுங்கள். போன வருஷம் ஒரு கடையில் நான் வாங்கிவந்த கொடியில் 13 தான் இருந்தது. மேல் வரி சிவப்பு, கீழ் வரி வெள்ளை. இரண்டு ஓரமும் ஒரே நிறமாக இருந்தால் எண்ணிக்கை தப்பு, கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நட்சத்திரத்துக்கும் 14 முனை. வெளுத்ததையும் ஓரம் கிழிந்ததையும் கம்பத்தில் ஏற்றாதீர்கள்.

அப்புறம் பேத்தியும் நானும் பெரிய தாள் எடுத்தோம். உயரம் 28 சென்டிமீட்டர், நீளம் 56. வரிக்கு 2 சென்டிமீட்டர், மேல் மூலையில் இருக்கிற நீலக் கட்டம் எட்டு வரி உயரம், 16 சென்டிமீட்டர். உள்ளே 13 கோடு போட்டாள், 14 வரி வந்தது.