த்ராட்டில்: குரல்வளையிலிருந்து சிப் வரை

"பிராசஸர் 95 டிகிரியிலேயே நிற்குதே, த்ராட்டில் ஆகுதா?" புதுக் கணினி பொருத்தியவர்கள் அடிக்கடி கேட்பது இது. சூடு தாங்காமல் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆங்கிலத்தில் 'த்ரோட்' தொண்டை. அதிலிருந்து கிளைத்த 'த்ராட்டில்' பெயர்ச்சொல்லானால் குரல்வளை. வினையானால் கழுத்தை நெரிப்பது. பிறகு நீராவி எஞ்சினில், ஆவி செல்லும் வழியைக் குறுக்கும் வால்வுக்கு அந்தப் பெயர் போயிற்று. ஜேம்ஸ் வாட் 1788-இல் சுழல்குண்டு கவர்னரைக் கோத்தது இந்த வால்வோடுதான்: வேகம் மிஞ்சினால் வால்வு தானே ஒடுங்கும். வேடிக்கை என்னவென்றால், பைக்கில் த்ராட்டிலை முறுக்கினால் வேகம் கூடும். சிப் த்ராட்டில் ஆனால் குறையும்.

சிப்பில் நடப்பதும் கவர்னர் வேலைதான். சூடு எல்லையைத் தொட்டதும் சிப் தன் துடிப்பையும் (அதாவது வேகத்தையும்) மின்னழுத்தத்தையும் இறக்கிக்கொள்ளும். இதில் மின்னழுத்தமே முக்கியம், ஏனென்றால் மின்செலவு அதன் இருமடியில் ஏறுகிறது. துடிப்பை 10 சதவீதம் கூட்ட, 1 வோல்ட்டை 1.2 ஆக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2 × 1.2 × 1.1, ஏறத்தாழ 1.58. பத்து சதவீத வேகத்துக்கு ஐம்பத்தெட்டு சதவீதச் சூடு! 2022-இல் வந்த ஏ.எம்.டி.யின் ரைசன் 9 7950எக்ஸ், 230 வாட் வரை இழுக்கும். அதில் 'ஈக்கோ மோட்' என்ற மின்சிக்கன அமைப்பைப் போட்டு வாட்டைப் பாதிக்குமேல் வெட்டினாலும் வேகம் அந்த அளவுக்கு விழாததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இந்தச் சிப்புக்கு 95 டிகிரி விபத்தல்ல. அதுவரை ஏறலாம் என்று தயாரித்தவர்களே வைத்த இலக்கு. சூட்டை வெளியேற்றும் கூலர் தாங்கும் மட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் அங்கே நிற்கும்.

தமிழில் என்ன சொல்வது? 'நெரிப்பு' வேருக்கு நேர்தான், ஆனால் கொலைவாடை அடிக்கிறது. 'மட்டுப்படுத்தல்' அரசாணைபோல் ஒலிக்கிறது. எனக்குப் பிடித்தது 'தணிப்பு'. தீயைத் தணிக்கிறோம், தாகத்தை, கோபத்தை, காய்ச்சலைத் தணிக்கிறோம். சூடும் அளவும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஆனால் 'வெப்பத் தணிப்பு' என்றால் கூலர் செய்யும் வேலையாகிவிடும். இங்கே தணிவது வேகம். ஆகவே 'வேகத் தணிப்பு'.

முதல் கேள்விக்கு வருவோம். 7950எக்ஸின் அடிப்படை வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். 95 டிகிரியில் நின்றாலும் அதற்கு மேலே ஓடிக்கொண்டிருந்தால் அது வேகத் தணிப்பு இல்லை. கீழே இறங்கினால், கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைச் சிலர் உரிக்க மறந்துவிடுகிறார்கள்.