சப்மிட் அழுத்தியதும் சர்வருக்குப் போவது என்ன?

திரையில் ஒரு படிவம். பெயருக்கு ஒரு பெட்டி, வயதுக்கு ஒரு பெட்டி, ‘செய்திமடல் வேண்டும்’ என்று டிக் செய்ய ஒரு கட்டம். நிரப்பிவிட்டு சப்மிட் அழுத்துகிறோம். அந்தப் பெட்டிகளில் ஒன்றுகூட, தளத்தை நடத்தும் கணினியான சர்வருக்குப் போவதில்லை. போவது ஒரு வரி எழுத்து மட்டும்:

பெயர்=மாலா&வயது=34

பெட்டிக்கு நிரலர் வைத்த பெயர், சமக்குறி, நாம் தட்டியது; அடுத்த ஜோடிக்கு முன்னால் ஒரு &. படிவத்தை அனுப்ப கெட், போஸ்ட் என்று இரண்டு முறைகள். கெட் என்றால் இந்த வரி முகவரியின் கடைசியில், கேள்விக்குறிக்குப் பின்னால் போகும். போஸ்ட் என்றால் கோரிக்கையின் உள்ளே போகும். போஸ்ட் ரகசியமானது என்று பலர் நம்புகிறார்கள். முகவரிப் பட்டியில் தெரியாது, அவ்வளவுதான். வழியில் யாரும் படிக்காமல் காப்பது, தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் இணைப்பு.

சரி, பெயருக்குள்ளேயே யாராவது & போட்டால்? பிரவுசர் அதை %26 என்று மாற்றிவிடும். இடைவெளி + ஆகும். தமிழ் இன்னும் நீளும். எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் % உட்பட 3 எழுத்து. ‘மாலா’வில் ம, கால், ல, கால் என்று 4 குறிகள், ஆக, வரியில் அது 36 எழுத்து. மேலே படிக்க வசதியாக அப்படியே எழுதியிருக்கிறேன். பிஎச்பி போன்ற சர்வர் மொழிகள் இதையெல்லாம் அவிழ்த்து, பெயரும் மதிப்புமாக நிரலின் கையில் கொடுத்துவிடும்.

அந்த வரியில் செய்திமடலைக் காணோம், கவனித்தீர்களா? டிக் செய்யாத கட்டத்துக்கு பிரவுசர் ‘இல்லை’ என்று அனுப்பாது, எதையுமே அனுப்பாது. இது தெரியாமல் எழுதிய நிரல், வராத மதிப்பை ‘மாற்றம் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பழையதையே வைத்திருக்கும். டிக்கை எடுத்தபிறகும் செய்திமடல் வந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் அந்த 34. அது எண் அல்ல, 3, 4 என்ற இரண்டு எழுத்துகள். அதோடு 1 கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 341 என்று ஒட்டிவிடும், பிஎச்பி 35 என்று கூட்டிவிடும், பைத்தான் முடியாது என்று நின்றுவிடும். பைத்தானின் முரண்டுதான் எனக்குப் பிடிக்கும். தப்பு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

பெரிய சிக்கல் வேறு. இது வெறும் வரி என்பதால், படிவத்தைத் திறக்காமலே யாரும் இதைத் தட்டி அனுப்பலாம். பட்டியலில் இல்லாத தேர்வு, வயதுக்கு -5, மறைவான பெட்டியில் வைத்திருந்த விலைக்குப் பதில் வேறு விலை, எதுவும் வரும். பிரவுசரில் செய்யும் சரிபார்ப்பு பயனருக்கு வசதி, காவல் அல்ல. விலையைப் படிவத்திலிருந்து வாங்கவே கூடாது, டேட்டாபேஸில் பார்க்க வேண்டும்.

பிஎச்பி ஒருகாலத்தில் வரும் ஒவ்வொரு பெயரையும் தானாகவே நிரலின் மாறியாக்கியது (மாறி என்பது நிரலில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்). ‘அட்மின்’ என்ற மாறிக்கு நிரலர் தொடக்க மதிப்பு கொடுக்காமல் விட்டிருந்தால், முகவரியில் அட்மின்=1 என்று சேர்த்தாலே உள்ளே நுழைந்துவிடலாம். ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற இந்த வசதி 2002இல் வந்த 4.2 பதிப்பில் இயல்பாகவே அணைக்கப்பட்டு, 2012இல் வந்த 5.4இல் அடியோடு நீக்கப்பட்டது.

ஒற்றை மேற்கோள் குறியும் ஆபத்துதான். மதிப்பை அப்படியே, டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல் வாக்கியத்தில் ஒட்டினால், அந்தக் குறி வாக்கியத்தை நடுவில் முடித்துவிடும். அதற்குப் பின்னால் வருவது கட்டளையாகிவிடும். வாக்கியத்தை முதலில் டேட்டாபேஸிடம் கொடுத்து, மதிப்பைத் தனியாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. அதே மதிப்பை வலைப்பக்கத்தில் காட்டும்போது, பக்கத்தின் கட்டளை தொடங்குவதாக பிரவுசர் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஆபத்தான குறி <. அதற்கு வேறு மருந்து. எல்லாவற்றையும் வாசலிலேயே சுத்தம் செய்யலாம் என்று பிஎச்பி முயன்றதும் உண்டு. மேஜிக் கோட்ஸ் என்ற அந்த வசதி, வந்த மேற்கோள் குறிகளுக்கெல்லாம் முன்னால் ஒரு \ சேர்த்தது. டேட்டாபேஸ் பக்கமே போகாத மின்னஞ்சல்களிலும் அந்தக் கோடு விழுந்தது. 5.4இல் அதையும் தூக்கிவிட்டார்கள்.