கால்வனைஸ்டு ஆணிக்குத் தமிழில் என்ன பெயர்?

போன மாதம் என் சித்தப்பா மகன் இரண்டு ஆணிகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். வீட்டுப் பின்புறம் மரத்தில் ஒரு டெக் போட்டுக்கொண்டிருக்கிறான். சட்டங்களை உத்தரத்தோடு பிணைக்கும் தகட்டுத் தாங்கிகளுக்கு ஆணி வேண்டும். கையில் இருந்த தமிழ்க் கையேட்டில் "மின்முலாம் பூசிய ஆணிகளை மட்டும் பயன்படுத்தவும்" என்று இருந்திருக்கிறது. "அண்ணே, மின்முலாம்னா எலெக்ட்ரோதானே? பெட்டியில எலெக்ட்ரோ கால்வனைஸ்டுன்னு போட்டிருந்ததைப் பார்த்து அஞ்சு கிலோ வாங்கிட்டேன்" என்றான்.

அவன் மேல் குற்றமில்லை. சொல் என்ன சொன்னதோ அதைத்தான் வாங்கியிருக்கிறான். ஆனால் மூலக் கையேடு கேட்டது கால்வனைஸ்டு ஆணி, அதாவது துருவைத் தடுக்கத் துத்தநாகம் ஏற்றிய இரும்பாணி. அந்தப் பெயரில் விற்கும் ஆணிகளில் எதை வெளியில், மருந்தேற்றிய மரத்தில் அடிக்கவே கூடாதோ, அதைப் பார்த்துக் கைகாட்டிவிட்டது தமிழ்ச் சொல். கால்வனைஸ் என்றாலே மின்முலாம் என்று எழுதும் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தேன். அஞ்சு கிலோ ஆணியைப் பார்த்தபிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் போலோஞா நகரத்து மருத்துவர் லூயிஜி கால்வானி, செத்த தவளையின் கால் இரண்டு வேறு உலோகங்கள் பட்டதும் துடிப்பதைக் கண்டு 1791இல் எழுதினார். அது உயிரின் உடம்பிலேயே இருக்கும் மின்சாரம் என்று அவர் நினைத்தார். இல்லை, உலோகங்கள் செய்யும் வேலை என்று இன்னொரு இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா மறுத்தார். 1800இல் முதல் மின்கல அடுக்கைச் செய்தும் காட்டினார். வாதத்தில் வென்றது வோல்ட்டா, பெயர் ஒட்டிக்கொண்டது கால்வானிக்கு. உடம்பில் மின்சாரம் பாய்ச்சித் துடிக்கவைப்பதைத்தான் முதலில் கால்வனைஸ் என்றார்கள். ஒருவரின் பேச்சு கூட்டத்தை உசுப்பிவிட்டது என்பதற்கு ஆங்கிலத்தில் இன்றும் இந்தச் சொல் வருவது அந்த வழியில்தான். பிறகு 1837இல் ஸ்தனிஸ்லாஸ் சோரேல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கி, அதற்கும் இந்தப் பெயரையே வைத்தார்.

ஏன் வைத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முக்கி எடுப்பது அப்போதே பழைய வித்தை. 1742இல் மலூயென் என்ற வேதியியலாளர் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் சொன்னதுதான். சோரேல் பிடித்துக்கொண்டது வேறொன்றை. இரும்பும் துத்தநாகமும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அங்கே ஒரு குட்டி மின்கலம் உண்டாகிறது. அதில் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் கரையாமல் பார்த்துக்கொள்கிறது. ஆணியில் ஒரு கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் அதைக் காப்பாற்றும். வெறும் பெயின்டால் இது முடியாது. கால்வானியின் பெயர் வந்தது இந்தக் காவலுக்காக. ஆக, மின்சாரம் இருப்பது காக்கும் விதத்தில். பூசும் விதத்தில் இல்லை. சோரேலின் தொட்டியில் ஒரு கம்பிகூட இணைக்கப்படவில்லை.

"மின்முலாம்" என்று மொழிபெயர்த்தவர் அகராதியில் கால்வானி, மின்சாரம் என்று பார்த்திருப்பார். அப்படியே முலாமோடு ஒட்டிவிட்டார். ஆனால் மின்முலாம் என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு திட்டமான பொருள் உண்டு. பள்ளிக்கூட ஆய்வகத்தில், கரைசலில் இரண்டு மின்முனைகளை விட்டு, சாவியின் மேல் செம்பு படியவைப்போமே, அதுதான் மின்முலாம். துத்தநாகத்தையும் அப்படிப் படியவைக்கலாம். அதற்குத்தான் எலெக்ட்ரோ கால்வனைஸ் என்று பெயர். அதில் பளபளவென்று வழவழப்பான ஆணி கிடைக்கும். ஆனால் படலம் மிக மெலிசு.

முக்கி எடுக்கும் முறையில் தொட்டியின் சூடு ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ். துத்தநாகம் உருகுவதே 419.5இல். அந்தச் சூட்டில் துத்தநாகம் இரும்பின் மேல் சும்மா படிந்து நிற்பதில்லை. இரண்டும் கலந்து, அடியில் இரும்பு கூடியும் மேலே போகப் போகத் துத்தநாகம் கூடியும் அடுக்கடுக்காகக் கலப்பு உலோகம் உருவாகிறது. அதில் சில அடுக்குகள் கீழே இருக்கும் மென்னெஃகைவிடக் கடினமானவை. ஆணி, திருகு போன்ற சிறு பொருள்களுக்கான அமெரிக்கத் தரம் சராசரியாக 43 மைக்ரான் கனம் கேட்கிறது. மின்முலாம் ஆணியில் பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும்.

தம்பி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று அவன் புதிதாக வாங்கியது: வெள்ளிக் காசுபோல மின்னுகிறது, தலையின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறது. இன்னொன்று பழைய ஆணி, தச்சர் விட்டுப்போனதாம்: சாம்பல் நிறம், மங்கல், தலைக்குக் கீழே மெழுகு வழிந்து உறைந்தாற்போல ஒரு சின்னக் கட்டி, தண்டு முழுக்கச் சொரசொரப்பு. பார்க்க அழகில்லாத அந்த ஆணிதான் அவனுக்கு வேண்டியது.

மரம் ஏன் இதில் முக்கியம் என்றால், வெளியில் நிற்கும் மரத்துக்குப் பூச்சியும் பூசணமும் அண்டாமல் இருக்க அழுத்தத்தில் மருந்து ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் 2003 இறுதியோடு ஆர்சனிக் கலந்த பழைய மருந்து வீட்டு மர வேலைகளிலிருந்து பெருமளவு விலகியது. அதன் இடத்தில் வந்தவற்றில் செம்பு அதிகம். செம்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கரைவது இரும்பு. திட்ட மின்முனை அழுத்தம் செம்புக்கு +0.34 வோல்ட், இரும்புக்கு −0.44, துத்தநாகத்துக்கு −0.76, கீழே இருப்பது முதலில் பலியாகும். கால்வானியின் தவளைக்கால் வித்தை இப்போது ஆணிக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. மெல்லிய படலம் அங்கே வெகுநாள் நிற்காது. அதனால்தான் அமெரிக்காவில் வீடு கட்டும் விதித்தொகுப்பு, மருந்தேற்றிய மரத்துக்கான ஆணிகள் உருகிய துத்தநாகத்தில் முக்கியவையாகவோ, எவர்சில்வராகவோ, சிலிக்கான் வெண்கலமாகவோ, செம்பாகவோ இருக்கவேண்டும் என்கிறது. தாங்கித் தகட்டுக்குத் தயாரிப்பாளர் எதுவும் சொல்லாவிட்டால் ஜி-185 தரமாவது வேண்டும். இரு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 550 கிராம் துத்தநாகம். ஒரு சொல் தவறினால் இத்தனையும் தவறிப்போகிறது.

சரி, அடுத்த எதிராளி: "துருப்பிடிக்காத ஆணி". மின்முலாம் பிடிக்காதவர்கள் இதற்குத் தாவுகிறார்கள். படிக்க எளிது, தமிழாகவும் இருக்கிறது என்பார்கள். எனக்கு இதன் மேல்தான் கோபம் அதிகம். துருப்பிடிக்காத எஃகு என்று நாம் ஏற்கெனவே ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டோம். குரோமியம் கலந்தது, எல்லோரும் எவர்சில்வர் என்று சொல்வது. ஒரே பெயரை இரண்டு பொருளுக்கும் வைத்தால் வாங்குபவன் என்ன செய்வான்? இந்த இரண்டையும் கலந்தும் அடிக்கக் கூடாது. எவர்சில்வர் தாங்கியில் துத்தநாக ஆணியை அடித்தால், பெரிய தகட்டுக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன ஆணி தன் துத்தநாகத்தைச் சீக்கிரமே இழந்து துருவேறும். எவர்சில்வருக்கு எவர்சில்வர், துத்தநாகத்துக்குத் துத்தநாகம். கடற்கரை என்றால் 316 வகை எவர்சில்வருக்கே போய்விடுவது நல்லது.

அப்புறம், அந்தப் பெயர் உண்மையும் இல்லை. துத்தநாகத்துக்கும் அரிப்பு உண்டு. ஈரத்தில் குவித்து வைத்தால் சுண்ணாம்புபோல வெண்துரு பூக்கும். துத்தநாகம் தீர்ந்ததும் இரும்பு துருப்பிடிக்கும். வாக்குறுதியைப் பெயராக வைப்பது விளம்பரக்காரன் வேலை. சொல்லாக்கம் செய்பவன் வேலை அல்ல.

மூன்றாவது, "நாகமுலாம்", "நாகப்பூச்சு". இவை தவறில்லை, பாதி சரி. துத்தநாகம் என்ற உலோகத்தையாவது சொல்கின்றன. ஆனால் எப்படிப் பூசியது என்று சொல்வதில்லை. கரைசலில் படியவைத்ததும் நாகப்பூச்சுதான், துத்தநாகத் தூள் கலந்த பெயின்டைத் தூரிகையால் அடித்ததும் நாகப்பூச்சுதான், தூளோடு உருட்டி ஒட்டவைத்ததும் நாகப்பூச்சுதான். முலாம் என்ற சொல்லுக்கு இன்னொரு வாசனையும் உண்டு. முலாம் பூசிய பேச்சு என்றால் உள்ளே ஒன்றும் இல்லை, மேலே மினுக்கு என்று பொருள். இரும்போடு கலந்துபோன ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்துமா?

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. கால்வனைஸ் அயல்சொல், அதனால் மின்முலாம் என்று தூய தமிழில் எழுதினேன் என்று ஒருவர் என்னிடம் பெருமைப்பட்டார். முலாம் அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது. நான் சொல்லவில்லை, அவர் நன்றாகத் தூங்கட்டும். வந்த சொல் எங்கிருந்து வந்தால் என்ன, சொல்லவேண்டியதைச் சொல்லட்டும் என்பதே என் கட்சி. முலாமை நான் மறுப்பது அது அரபி என்பதால் அல்ல, ஆணிக்குப் பொருந்தவில்லை என்பதால்.

என் தேர்வு: நாகம் தோய்த்த ஆணி. வினையாக, நாகம் தோய்த்தல். மின்முறைக்கு மின்முலாமே இருக்கட்டும். நாகம் மின்முலாம் பூசிய ஆணி என்று முழுதாக எழுதிவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்ல நாகப்பூச்சு போதும்.

நாகம் என்றதும் தம்பி கேட்டான்: "பாம்பாண்ணே?" நியாயமான கேள்வி. தமிழில் நாகத்துக்குப் பாம்பு, யானை, வானுலகம் என்று பொருள்கள் பல. அவற்றில் துத்தநாகமும் ஒன்று. சித்த மருத்துவத்தில் நாகப் பற்பம் என்றால் துத்தநாகத்தால் செய்தது. ஆயுர்வேதத்தில் அதே சொல் ஈயத்தைக் குறிப்பதால் அங்கே குழப்பம் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இந்த உலோகத்துக்கு நாகம் என்றே பெயர். கூச்சமாக இருந்தால் துத்தநாகம் என்று முழுப்பெயரும் எழுதலாம், நீளம்தான் பிரச்சினை. இந்தியாவில் வழங்கிய அந்தப் பெயரைத்தான் போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலேயக் கப்பல் வணிகர்களும் டூட்டனாக் என்று எழுதிவைத்தார்கள். அவர்கள் நம்மிடம் கடன் வாங்கிய ஒரு சொல் நம் கையிலேயே இருக்கும்போது மின்முலாம் எதற்கு?

தோய்த்தல் மேலும் ஒரு ஆட்சேபம் வரும். கொல்லர் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் விட்டு எடுப்பதையும் தோய்ச்சல் என்றுதான் சொல்வார். உண்மைதான், அதனால்தான் நாகத்தை விட்டுவிட்டுத் "தோய்த்த ஆணி" என்று மட்டும் எழுதக் கூடாது. மற்றபடி இந்தச் சொல் எனக்குப் பிடிப்பதே அதன் துல்லியத்தால். சாயத்தில் துணியைத் தோய்த்தால் நிறம் நூலுக்குள் இறங்கும், வெளியே மட்டும் நிற்காது. முக்குவது என்றும் சொல்லலாம், பேச்சில் அப்படித்தான் வருகிறது. ஆனால் முக்கினால் நனையும், தோய்த்தால் ஏறும்.

பேச்சில் இதெல்லாம் தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. கம்பி என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது. அதை மாற்றச் சொல்லி நான் யாரிடமும் போகப்போவதில்லை. என் சண்டை எழுத்தில் உட்கார்ந்து ஈட்டுச்சொல் போடுகிறவர்களோடு. ஆணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல், அகராதியின் முதல் வரியை எடுத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு எழுந்துபோகிறார்கள். "காலவானைசு ஆணி" என்று ஒலியையும் கெடுத்து எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கால்வனைஸ்டு என்றே விட்டிருந்தால் தம்பி பெட்டியில் அந்த எழுத்தைத் தேடியாவது, எந்த வகை என்று கடைக்காரரிடம் கேட்டிருப்பான். அரைகுறை மொழிபெயர்ப்பு அந்தக் கேள்வியையும் கேட்கவிடாமல் செய்துவிட்டது.

பெட்டியை அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். கையேட்டின் அந்த வரியை நான் இப்படித் திருத்தி அனுப்பினேன்: "தாங்கித் தகடுகளுக்கு, உருகிய நாகத்தில் தோய்த்த ஆணிகளையே அடிக்கவும், பளபளப்பான மின்முலாம் ஆணிகள் வேண்டாம்."

அடுத்த வரியைப் படித்தேன். "பத்துப் பைசா ஆணி" என்றிருந்தது. மூலத்தில் 10 டி. அந்த எழுத்து ரோமானிய நாணயமான டெனாரியசிலிருந்து வந்தது, ஆங்கிலேயர் பென்னிக்குப் போட்ட பழைய குறி; இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நூறு ஆணி பத்துப் பென்னிக்கு விற்றதிலிருந்து வந்த அளவுப்பெயர் என்பார்கள். இன்று அது விலையே இல்லை: 3 அங்குல நீளம், 0.148 அங்குலத் தடிமன். தடிமன் குறைந்த ஆணியை அடித்தால் தாங்கி சொன்ன பாரத்தைத் தாங்காது. அந்த வரியையும் அடித்துவிட்டு எண்களை மட்டும் எழுதி அனுப்பினேன்.