சப்பாணி: கைதட்டிய குழந்தையும் வாசலில் இருந்தவனும்

லூக்கா 14ஆம் அதிகாரம் வரும் ஞாயிறுகளில், எங்கள் சபையில் பாடம் வாசிக்கிறவர்கள் 13ஆம் வசனத்தில் லேசாகத் தடுமாறுவார்கள். "நீ விருந்துபண்ணும்போது ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழைப்பாயாக." ஊனர் வரைக்கும் குரல் கணீரென்று இருக்கும். சப்பாணி வந்ததும் இறங்கிவிடும். பக்கவாட்டு வாசலை ஒட்டி, மூன்று சக்கர வண்டியில் ஓர் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழுமே என்ற கூச்சம்தான்.

போன முறை வாசித்தது நான். சட்டென்று "கால் ஊனமுற்றோரையும்" என்று மாற்றி வாசித்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும், வேதத்தில் இருப்பதை மாற்றலாமா என்று கமிட்டிக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி வண்டியில் இருந்தபடியே சிரித்தார். "எங்க பூட்டனார் பேரு சப்பாணிமுத்து. நல்லா நடப்பாருன்னு சொல்லுவாங்க" என்றார்.

அவர் சொன்னதில் சொல்லின் பாதி வரலாறு இருக்கிறது. நெல்லைச் சீமையில் சப்பாணி, சப்பாணிமுத்து என்பவை முன்பு சாதாரணமாக வைக்கப்பட்ட பெயர்கள். சப்பாணிக் கருப்பு என்று ஒரு காவல் தெய்வமே உண்டு. குலசாமியின் பெயரைப் பிள்ளைக்கு இட்டவர்கள் அதை வசைச்சொல்லாக நினைத்திருக்க முடியாது.

தமிழ் இலக்கியத்தில் சப்பாணி முதலில் ஒரு விளையாட்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் நான்காவது சப்பாணிப் பருவம்: காப்பு, செங்கீரை, தால், அப்புறம் சப்பாணி. ஒன்பதாம் மாதக் குழந்தை உட்காரப் பழகி, இரண்டு கையையும் சேர்த்துத் தட்டும் பருவம் அது. பிள்ளைத்தமிழ் என்று தனி இலக்கிய வகை உருவாகும் முன்பே, பெரியாழ்வார் கண்ணனைச் சப்பாணி கொட்டச் சொல்லிப் பாடியிருக்கிறார். பாணி என்றால் கை. கைத்தாளத்துக்கும் அதுவே பெயர். ஆக, சப்பாணி கொட்டுதல் என்றால் கைகொட்டுதல். காலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பிறகு எப்படி அது நடக்க முடியாதவரைக் குறித்தது? இதே வடிவத்தில் வேறொரு வேரிலிருந்து வந்த சொல்லாகவும் இருக்கலாம். சப்பை, சப்பட்டை, சப்பணம் என்று தரையோடு தட்டையாகப் படிவதைக் காட்டும் சொற்கள் ஒரு குடும்பமாகவே இருக்கின்றன. சம்மணம் போடுவதைச் சப்பணம் போடுவது என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கென்னவோ இரண்டு பொருளுக்கும் நடுவில் இருப்பது உட்கார்ந்த நிலைதான் என்று படுகிறது. கைதட்டும் குழந்தையும் இன்னும் எழுந்து நடக்கத் தொடங்கவில்லை. குழந்தை சில மாதத்தில் எழுந்துவிடுகிறது. எழ முடியாமல் கையை ஊன்றித் தரையில் நகர்கிறவர்மேல் பெயர் தங்கிவிட்டது.

சரி, வேதாகமத்துக்கு வருவோம். சபைகளில் பெரும்பாலோர் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் அமைந்தது. அதில் இந்தச் சொல் மிகச் சரியாகப் பொருந்துகிற இடம் அப்போஸ்தலர் நடபடிகள் 3ஆம் அதிகாரம். பிறந்தது முதல் நடக்காத ஒருவனைத் தினமும் சுமந்துகொண்டுவந்து, அலங்கார வாசல் என்ற தேவாலய வாசலில் பிச்சை கேட்க வைப்பார்கள். அவன் அசல் சப்பாணி. யாராவது தூக்கினால்தான் இடம் மாற முடியும்.

ஆனால் மத்தேயு 18:8இல் ஒரு காலை வெட்டிப்போட்டவனையும் அதே மொழிபெயர்ப்பு சப்பாணி என்கிறது. ஒற்றைக் காலோடு கோல் ஊன்றி நடக்கிறவரை ஊரில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். காரணம் மூலத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் இந்த இடங்களில் எல்லாம் வருவது 'கோலோஸ்' என்ற ஒரே சொல். லேசாக விந்தி நடப்பவர் முதல் அடியோடு நடக்க முடியாதவர் வரை எல்லோரையும் அது குறிக்கும். மொழிபெயர்த்தவர்கள் அதற்குத் தமிழில் மிகக் கடுமையான நிலையைக் காட்டும் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் லூக்கா 14இன் விருந்துக்கு அழைக்கப்படுகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் காலாலேயே நடந்து வந்திருக்கக்கூடியவர்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அந்த வசனத்தில் "கால் ஊனமுற்றோரையும்" என்கிறது. மரியாதைக்காக மட்டும் அல்ல, பொருளுக்காகவும் அதுவே சரி. நான் மாற்றி வாசித்தது என் கற்பனை இல்லை என்று கமிட்டிக்காரருக்கு அதைத்தான் எடுத்துக் காட்டினேன். அவர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை.

பழைய மொழிபெயர்ப்பிலேயே வேறு சொல்லும் இருக்கிறது. தாவீதின் நண்பன் யோனத்தானுடைய மகன் மேவிபோசேத்தை 2 சாமுவேல் 9 "இரண்டு காலும் முடமாயிருந்தது" என்கிறது. முடம் தமிழின் சொந்தச் சொல். முடங்கு, முடக்கு, முடவன் எல்லாம் அதன் உறவுகள். கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட முடவன் என்று பழமொழி வைத்து அதையும் நாம் கெடுத்துவிட்டோம். நொண்டி இன்னும் மோசம். 18ஆம் நூற்றாண்டு வாக்கில் நொண்டி நாடகம் என்றே ஓர் இலக்கிய வகை இங்கே செழித்தது. திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் என்று மதம் தாண்டி எழுதினார்கள். கதை ஏறக்குறைய ஒன்றுதான்: திருடன் பிடிபடுவான், தண்டனையாகக் கால் போகும், மனம் திருந்துவான், கடவுள் அருளால் கால் திரும்பி வரும். பார்க்கச் சுவையான நாடகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கால் இல்லை என்றால் ஏதோ செய்திருப்பான் என்ற எண்ணம் அந்தக் கதைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஜெபக்கூட்டங்களில் இன்றும் சிலர் நடக்க முடியாதவரிடம் போய், "ஏதாவது அறிக்கை செய்யாத பாவம் இருக்கா?" என்று கேட்பதைப் பார்க்கிறோம். அதுவும் நொண்டி நாடகம்தான்.

சப்பாணியை வசையாக நிலைநிறுத்தியதில் 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கும் பங்கு உண்டு என்று சொல்லலாம். அதை வசை என்று அடையாளம் காட்டியதும் அதே படம்தான். கமல்ஹாசன் நடித்த பாத்திரத்தின் சொந்தப் பெயர் கோபாலகிருஷ்ணன். ஊர் சப்பாணி என்று கூப்பிடும். அப்படிக் கூப்பிடுகிறவனை அறையும்படி நாயகி மயில் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அந்தப் பாத்திரமும் விந்தி விந்தி நடக்கிற ஆள்தான், கவனியுங்கள். பொருள் அங்கேயே விரிந்துவிட்டது.

அரசு வழக்கில் நெடுங்காலம் ஊனமுற்றோர் என்று இருந்தது. ஊனம் என்றால் குறைவு. 2010 வாக்கில் கருணாநிதி முதல்வராக இருந்தபோது அது மாற்றுத்திறனாளி ஆயிற்று. துறையின் பெயரும் அப்படியே மாறியது. இன்று பேருந்து இருக்கை முதல் சபை அறிவிப்பு வரை அந்தச் சொல்தான். எனக்கு அதில் ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. எல்லாக் குறைபாட்டுக்கும் ஒரே சொல் என்பதால், எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை என்று அது சொல்வதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது. 1995 சட்டத்தில் இருந்தவை ஏழு. காது கேளாதவருக்குச் சைகைமொழி வேண்டும், பார்வையற்றவருக்குப் பிரெயில் பாட்டுப் புத்தகம் வேண்டும், நடக்க முடியாதவருக்குச் சாய்தளம் வேண்டும். பொதுவாகச் சொல்லும்போது மாற்றுத்திறனாளி போதும். குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் கால் ஊனமுற்றவர், நடக்க இயலாதவர் என்பவையே தெளிவு. ஒருவரைப் பற்றித்தான் பேச்சு என்றால், அவர் பெயரைச் சொல்வது எல்லாவற்றையும் விட நல்லது. அப்போஸ்தலரில் வாசலில் கிடந்தவனுக்குப் பெயர் இல்லாமல் போனது எனக்கு எப்போதும் ஒரு குறை.

வேதாகமத்திலேயே இந்தச் சொல்லுக்கு ஒரு பயணம் உண்டு. தாவீது எருசலேமைப் பிடித்த கதையில், 2 சாமுவேல் 5:8, "குருடனும் சப்பாணியும் வீட்டிலே வரலாகாது" என்று ஒரு வழக்கைப் பதிவு செய்கிறது. லேவியராகமம் 21, ஆசாரிய வம்சத்தில் பிறந்த சப்பாணியைப் பலிபீடத்துக்குக் கிட்டச் சேர வேண்டாம் என்கிறது. அதன் நிழல் வெகுதூரம் நீண்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில்கூட, பீடப்பணியைச் செய்ய விடாத உடற்குறை குருப்பட்டத்துக்குத் தடையாக இருந்தது. 1983 தொகுப்பில் அந்தத் தடை இல்லை. ஆனால் மத்தேயு 21:14இல், இயேசு காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்த கையோடு, குருடரும் சப்பாணிகளும் தேவாலயத்துக்குள்ளேயே அவரிடம் வருகிறார்கள். 'வரலாகாது' என்ற வழக்கில் இருந்த அதே இரண்டு பெயர்கள். இந்த ஓர் இடத்துக்காகவாவது, பழைய மொழிபெயர்ப்பில் சொல்லைத் தொடாமல் விட்டுவிடலாம் என்று சில நேரம் தோன்றும். மாற்றினால் அந்த எதிரொலி போய்விடும்.

நம் ஆராதனையில் இதைவிடக் கூர்மையான ஒரு சொல் தினமும் புழங்குகிறது: "அனைவரும் எழுந்து நிற்போம்." அண்ணாச்சி அந்த அனைவரில் இல்லை. "இயன்றவர்கள் எழுந்து நிற்போம்" என்று சொல்ல ஒரு பைசா செலவில்லை. முழங்காற்படியிட முடியாதவர்களுக்கு ஐயர், அதாவது போதகர், திருவிருந்தின் அப்பமும் ரசமும் இருக்கைக்கே கொண்டுவருவது பல சபைகளில் வழக்கமாகிவிட்டது, நல்லது. சாய்தளம்தான் தகராறு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அரை அடி உயரப் படி மூன்று இருந்தால் பதினெட்டு அடி வேண்டும். எங்கள் கோயிலில் நாலடிக்குள் அடக்கி ஒன்று கட்டினார்கள். அதில் வண்டி ஏறாது, பைக் ஏறும்.

மேவிபோசேத்தைப் பற்றி வேதம் சொல்லும் இன்னொன்று: அவன் தாவீது ராஜாவின் பந்தியில் நித்தம் "அசனம்பண்ணுகிறவனாயிருந்தான்." அசனம் என்றதும் நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு மணக்கும். பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊரே தரையில் வரிசையாகச் சப்பணம் போட்டுச் சாப்பிடும் விருந்துக்கு அதுதான் பெயர். அந்தப் பந்தியில் எல்லோரும் சப்பாணிதான் என்று அண்ணாச்சியிடம் ஒருமுறை சொன்னேன். அவருக்குத் தரையில் இறங்கவும் முடியாது, இறங்கினால் ஏறவும் முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. இத்தனை வருடமாக அவருக்குச் சோறு தூக்குவாளியில் வீட்டுக்குப் போயிருக்கிறது. இந்த வருடம் வேப்பமரத்தடியில் இரண்டு மேசை போடுவதாகக் கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. வாசிப்பைக் குறை சொன்னவர்தான் மேசைக்குப் பொறுப்பு.