மரக்காலுக்குள் ஒளிந்திருந்த வரி

"அரசனையே கவிழ்த்தவர்களுக்கு அளவுகோலை மாற்ற என்ன அவசரம்?" பள்ளியில் பிரெஞ்சுப் புரட்சி பாடம் படிக்கும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். வரலாற்றுக் கேள்விதான். ஆனால் அதற்கான விடையில் பாதி இயற்பியலில் இருக்கிறது.

பாடநூல் சொல்லும் காரணங்களை வேகமாகக் கடந்துவிடலாம். அமெரிக்க விடுதலைப் போருக்குச் செலவழித்து பிரெஞ்சுக் கருவூலம் கடனில் மூழ்கியிருந்தது. பிரபுக்களும் திருச்சபையும் பெரும்பாலான வரிகளுக்கு விலக்குப் பெற்றிருந்தார்கள். 1788 ஜூலை 13 அன்று ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது. அடுத்து வந்த குளிர்காலமும் கடுமையானது. பாரிசில் எட்டு, ஒன்பது சூ (அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) விற்ற நான்கு பவுண்டு ரொட்டி 1789 பிப்ரவரியில் பதினான்கரை சூவுக்கு ஏறியது. கூலியாளின் ஒரு நாள் வருமானமே 20 முதல் 30 சூதான்.

அந்த ஆண்டு வசந்தத்தில் ஊர் ஊராக மக்களின் குறைகள் எழுதி வாங்கப்பட்டன. உப்பு வரி, நிலவரி என்ற புலம்பல்களுக்கு நடுவே ஒரு கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது: ஒரே அரசன், ஒரே சட்டம், ஒரே எடை, ஒரே அளவை. அப்போது அரசனைக்கூட அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரபுவின் மரக்காலைத்தான் வேண்டாம் என்றார்கள்.

அதன் பெயர் புவாசோ. பாரிசில் அது சுமார் 13 லிட்டர். அடுத்த ஊரில் வேறு. அளவைக்கலம் வைத்திருப்பது நிலப்பிரபுவின் உரிமை. குடியானவன் ஆண்டுக்கு இத்தனை புவாசோ கோதுமை செலுத்த வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அந்த எண்ணிக்கையை உயர்த்தினால் ஊர் கொதிக்கும். ஆனால் எண்ணிக்கையைத் தொடாமலே வரியை உயர்த்த வழி இருந்தது.

வீட்டில் ஓர் உழக்கை எடுத்து, கோதுமையை மெல்ல நிரப்பித் தலைதட்டுங்கள். பிறகு பக்கவாட்டில் நான்கைந்து முறை தட்டுங்கள். மட்டம் இறங்கிவிடும். மெல்ல விழும் மணிகள் ஒன்றையொன்று உரசி, தோள் கொடுத்துக் குட்டிப் பாலங்களாக நின்றுவிடுகின்றன. பாலங்களுக்கு அடியில் வெற்றிடம். ஒரே அளவுள்ள கோலிக்குண்டுகளை மெல்ல நிரப்பினால் பாத்திரத்தில் சுமார் 60 சதவீதம்தான் குண்டு, மீதி காற்று. குலுக்கினால் அது 64 சதவீதம் வரை போகும். தோளுயரத்திலிருந்து கொட்டினாலும் இதேதான் நடக்கும். விழும் மணியின் வேகம் பாலங்களை உடைத்து மணிகளை நெருக்குகிறது. கலம் மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் உள்ளே போன தானியம் கூடிவிட்டது.

தலைதட்டாமல் குவித்து அளந்தால் இன்னும் லாபம். கோதுமைக் குவியல் சுமார் 27 டிகிரிச் சரிவில் நிற்கும். அதற்கு மேல் செங்குத்தாக்கினால் சரிந்துவிடும். அந்தக் கூம்பின் கன அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். கலத்தின் விட்டமும் உயரமும் சமமென்றால் கூம்பில் நிற்பது கலத்தின் கொள்ளளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. விட்டம் உயரத்தைப்போல் இரண்டு மடங்கென்றால் ஆறில் ஒரு பங்கு. நான்கு மடங்கென்றால் மூன்றில் ஒரு பங்கு! கொள்ளளவு அதேதான், கலத்தை அகலமாகவும் தட்டையாகவும் செய்தாலே போதும். மூன்று மரக்காலுக்கு ஒரு மரக்கால் இலவசம். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன், வாங்கும்போது தலைதட்டியும் கொடுக்கும்போது குவித்தும் அளந்தே இதை உணர்ந்திருந்தான்.

பிறகு நடந்தவை தெரிந்தவை. 1789 ஜூலை 14 அன்று பாரிசின் பஸ்தீல் சிறைக்கோட்டை வீழ்ந்தது. மறு ஆண்டே பிரபுக்களின் அளவை உரிமை ஒழிந்தது. 1792 செப்டம்பரில் முடியாட்சி முடிந்தது. 1793 ஜனவரி 21 அன்று பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்டது.

யாருடைய மரக்காலும் வேண்டாம் என்றால் எதைக் கொண்டு அளப்பது? பூமியையே அளவுகோலாக்கினார்கள். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர். அதற்காக வானியலாளர்கள் தெலாம்பரும் மெஷேனும் 1792-இல் புறப்பட்டு, பிரான்சின் வடகோடி டன்கர்க்கிலிருந்து ஸ்பெயினின் பார்சிலோனா வரை முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். ஏழு ஆண்டுகள் பிடித்தன. ரொட்டிக்கு வரிசை நின்ற நாடு, எல்லையில் போர் நடக்கும்போது இதற்குப் பணம் ஒதுக்கியது. "இந்த ஆராய்ச்சியால் உடனே என்ன பயன்?" என்று கேட்டு நிதியை நிறுத்துபவர்களிடம் இதைத்தான் நான் சொல்வேன்.

அதே புரட்சி அறிவியல் கழகத்தை 1793-இல் மூடியது என்பதையும் மறைக்கக் கூடாது. புதிய அளவைகளுக்காக உழைத்த வேதியியலாளர் லவாய்சியர், வரி வசூல் குத்தகைதாரராக இருந்ததற்காக 1794 மே 8 அன்று கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். அந்த இழப்பை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

1795-இல் மெட்ரிக் சட்டம் வந்தது. மக்களோ பழைய அளவைகளை எளிதில் விடவில்லை. 1812-இல் நெப்போலியன் அவற்றின் பெயர்களைத் திரும்ப அனுமதித்தார். 1840-இல்தான் பிரான்சில் மெட்ரிக் முறை முழுக் கட்டாயமானது. பாரிசின் வோஜிரார் தெருவில், மக்கள் தங்கள் கோலை ஒப்பிட்டுக்கொள்ளச் சுவரில் பதித்த பளிங்கு மீட்டர் இன்றும் இருக்கிறது.

தானியம் அளக்கும் புதிய மரக் கலங்களுக்கும் பிரான்ஸ் ஒரு வடிவ விதி வகுத்தது: உருளையின் உள்விட்டமும் உயரமும் சமமாக இருக்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் முதலில் வந்த கலம் அது.