இறால் ஓட்டுக்கும் ஐஸ் வேண்டும்

2023-24 நிதியாண்டில் இந்தியாவிலிருந்து 7 லட்சம் டன்னுக்கு மேல் உறைந்த இறால் ஏற்றுமதியானது. அதில் பெரும்பங்கு தலையை நீக்கியோ, ஓட்டையும் உரித்தோ அனுப்பப்படுவது. ஒரு கிலோ முழு இறாலில் தலையும் ஓடும் சேர்ந்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரும். சதை கப்பலேறிப் போய்விடுகிறது. தலையும் ஓடும் நம் கரையிலேயே தங்கிவிடுகின்றன. இறால் பதப்படுத்தும் கூடங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருப்பதால், அவை என்ன ஆகின்றன என்பதை அன்றாடம் பார்க்கிறேன். கொஞ்சம் மணலில் காய்ந்து தீவன ஆலைக்குப் போகிறது. மிச்சம் பள்ளத்திலோ கழிமுகத்திலோ கொட்டப்பட்டு, சுற்றியிருக்கும் தெருக்களில் கதவைத் திறக்க முடியாதபடி நாறுகிறது.

இப்படிக் கொட்டப்படும் பொருளில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் வயிறு எரியும். உலர்ந்த இறால் ஓட்டில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் போக, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை கைட்டின் என்னும், ஓட்டுக்கு உறுதி தரும் நார்ப்பொருள் இருக்கிறது. 1811இல் பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி பிராகோனோ முதன்முதலில் காளானில் கண்ட அதே பொருள்தான். கைட்டின் தண்ணீரில் கரையாது, வினிகரிலும் கரையாது. அதை அடர்ந்த காரத்தில் கொதிக்க வைத்தால் தன்மை மாறி, மென்மையான அமிலத்தில் கரையும் கைட்டோசானாகிறது. கரைந்துவிட்டால் அதை மெல்லிய படலமாக்கலாம், நூலாக்கலாம், பஞ்சுபோல் ஆக்கலாம், தெளிப்பானில் ஊற்றலாம். அதன் பயன்களில் பெரும்பாலானவை இந்தக் குணத்தால்தான் கைகூடுகின்றன.

செய்முறையில் ரகசியம் ஏதுமில்லை. கழுவிய ஓட்டின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டதும் சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு கிளம்பும். அவசரப்பட்டு ஊற்றினால் நுரை பொங்கித் தொட்டியின் விளிம்பைத் தாண்டிவிடும். நுரை அடங்கிய பிறகு கையுறை போட்ட விரல்களால் ஓட்டை மடித்துப் பாருங்கள். முன்பு நொறுங்கியது இப்போது நனைந்த தாளைப்போல் மடியும். அடுத்து, நீர்த்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் புரதம் பிரிந்து, தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். கழுவி, நிறம் நீக்கி, உலர்த்தினால் கிடைக்கும் வெண்ணிறச் செதிள்தான் கைட்டின். அதை 40 முதல் 50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் மீண்டும் காய்ச்சினால் கைட்டோசான். 100 கிலோ ஈர ஓடு உலர்ந்தால் 20 முதல் 25 கிலோ. அதிலிருந்து கைட்டின் 4 முதல் 6 கிலோ. கைட்டோசான் அதைவிடக் குறைவு. லாபக் கணக்குப் போடுகிறவர்கள் ஈர எடையை வைத்துப் போடக் கூடாது.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அமிலத்துக்கும் காரத்துக்கும் முந்தைய கட்டத்தைப் பற்றி. ஓட்டின் தரம் தொழிற்சாலையில் தீர்மானமாவதில்லை. உரிக்கும் மேசையில், முதல் சில மணி நேரத்தில் தீர்மானமாகிறது. இறாலின் செரிமானச் சுரப்பி தலையில்தான் இருக்கிறது. தலை கழன்றதும் அதிலுள்ள நொதிகள் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரிக்கத் தொடங்குகின்றன. நம் கடற்கரை வெயிலில் பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்ளும். அவற்றில் சில கைட்டினையே தின்று வாழ்பவை. மாலை வரை குவியலாகக் கிடந்த ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசான் பழுப்பாக இருக்கும். கரைத்தால் கொழகொழவென்று நிற்காமல் தண்ணீராக ஓடும். நீளமான மூலக்கூறுகள் முன்பே துண்டாகிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு எத்தனை முறை கழுவினாலும் இழந்ததை மீட்க முடியாது.

ஒரு கூடத்தில் இதை விளக்கியபோது மேற்பார்வையாளர் அம்மா கேட்டார்: “குப்பைக்கு யாராவது ஐஸ் போடுவார்களா, சார்?” நியாயமான கேள்வி. ஐஸுக்குக் காசு ஆகிறது, ஓட்டுக்கு யாரும் காசு தருவதில்லை. அதனால் முதலில் ஐஸ் கேட்காத மாற்றங்களைச் சொல்கிறேன். தலைக்கு ஒரு பெட்டி, ஓட்டுக்கு ஒரு பெட்டி என்று மேசையிலேயே பிரியுங்கள். ஓட்டை உடனே கழுவி, நீர் வடித்து, தரையில் படாமல் வலைத்தட்டில் மெல்லப் பரப்பிக் காயவையுங்கள். மழை நாளிலும், உலர்த்த இடமில்லாத கூடத்திலும்தான் ஐஸ் தவிர்க்க முடியாதது. உரிக்கும் பெண்கள் கையில்தான் இந்தப் பிரிப்பு நடக்கிறது. கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி தராமல் அது ஒரு வாரம்கூட நிலைக்காது.

பயன்களைப் பற்றி நிறைய மிகைப்பேச்சு உலவுகிறது, எனவே பிரித்துச் சொல்கிறேன். ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணி உறுதியான பயன்: கைட்டோசானின் நேர்மின்னேற்றம் சிவப்பணுக்களை ஈர்த்து உறையச் செய்கிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்க ராணுவம் இதைப் பயன்படுத்தியது. கலங்கிய நீரைத் தெளிய வைப்பதும் அதே மின்னேற்றத்தின் வேலை. பயிரில் தெளித்தால் செடியின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. கைட்டோசானின் உப்பு வடிவமான கைட்டோசான் ஹைட்ரோகுளோரைடை ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் பயிர்ப் பாதுகாப்புக்கான ‘அடிப்படைப் பொருள்’ (basic substance) என்ற வகையில் ஏற்றுக்கொண்டது. ஆனால் கொழுப்பை உறிஞ்சி உடலை இளைக்க வைக்கும் என்று விற்கப்படும் கைட்டோசான் மாத்திரைகளை நம்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள். முறையாக நடந்த ஆய்வுகளில் எடைக் குறைவு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் இத்தகைய மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொரு சொல்லும் என்னை உறுத்துகிறது: “இயற்கைப் பொருள், சுற்றுச்சூழலுக்கு நல்லது.” ஓடு இயற்கைதான். ஆனால் ஒரு கிலோ கைட்டோசானுக்குக் கழுவுநீர் ஆயிரம் லிட்டர் வரை, சில சமயம் அதற்கு மேலும் செலவாகிறது. அந்த நீரில் அமிலமும் காரமும் கரைந்த புரதமும் இருக்கின்றன. அதை ஓடையில் விட்டால், நாற்றமடிக்கும் குப்பையை எடுத்துக்கொண்டு நஞ்சைக் கொடுத்ததாகிவிடும். அமில நீரையும் கார நீரையும் ஒன்றோடொன்று கலந்து சமன்படுத்தலாம். காரநீரில் அமிலம் சேர்த்துப் புரதத்தைத் திரளவைத்து, வடித்துத் தீவனமாக்கலாம். வெல்லப்பாகு சேர்த்து லாக்டிக் அமிலப் பாக்டீரியாவால் நொதிக்க வைக்கும் முறையில் ரசாயனம் வெகுவாகக் குறைகிறது. நாள் கூடும், சுத்தமும் கொஞ்சம் குறையும். பயிருக்கு அது போதும், காயத்துக்குப் போதாது.

கிளிஞ்சலையும் சிப்பியையும் இந்தக் குவியலில் சேர்க்காதீர்கள். அவை ஏறக்குறைய முழுக்கவே சுண்ணாம்புக்கல். கைட்டினுக்காக அவற்றை அமிலத்தில் போடுவது வீண். காளவாயில் சுட்டு நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு செட்டிநாட்டுச் சுவர்களில் பூசப்பட்டது. பழைய கட்டடங்களைச் சீரமைப்பவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள்.

சிறு உரிப்புக் கூடம் ஒவ்வொன்றும் அமிலத் தொட்டி வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. பிரித்து, கழுவி, காயவைத்து, ஈரமில்லாத சாக்கில் கட்டி நாலைந்து கூடங்கள் சேர்ந்து விற்றாலே போதும். அமிலமும் காரமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு உள்ள ஓர் ஆலையில் மட்டும் இருக்கட்டும். ஆலையே தொடங்க நினைப்பவர்கள் இயந்திரம் விற்பவரிடம் போவதற்கு முன் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகுங்கள். கைட்டின், கைட்டோசான் தயாரிப்பில் நீண்ட கால அனுபவம் உள்ள இடம் அது. போகும்போது உங்கள் கூடத்தில் காயவைத்த ஓட்டில் ஒரு கிலோவை, உரித்த தேதியும் நேரமும் எழுதி, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.