விலா எலும்பைத் தடவிப் பாருங்கள்

குண்டாகிவிட்டது என்று சொல்லி நாயை என்னிடம் அழைத்து வருபவர்கள் அரிது. நொண்டுகிறது, மூச்சிரைக்கிறது, படியேற மறுக்கிறது என்பார்கள். வயதாகிவிட்டது என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஐந்து வயது நாய்க்கு அப்படி என்ன வயது?

தினமும் பார்க்கும் கண்ணுக்கு எடை கூடுவது தெரியாது. கையால்தான் பார்க்க வேண்டும். விலாவின்மேல் விரல்களைத் தட்டையாக வைத்து, அழுத்தாமல் தடவுங்கள். எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது என்று பொருள். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும்.

"ஒரு கிலோதானே கூடியிருக்கிறது" என்கிறார்கள். நான்கு கிலோ இருக்க வேண்டிய பூனைக்கு அது கால் பங்கு கூடுதல். அறுபது கிலோ மனிதர் எழுபத்தைந்து கிலோ ஆனதற்குச் சமம்.

மூட்டுகள் அந்தப் பாரத்தைத் தாங்குவதோடு தொல்லை முடிவதில்லை. கொழுப்புத் திசுவே அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. முழங்கால் தசைநார் கிழிவது, மூட்டுவாதம், சருமத் தொற்று, அறுவை சிகிச்சையில் மயக்க மருந்தின் ஆபத்து எல்லாமே கூடுகின்றன. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெயில் காலத்தில் உயிரே போகலாம். 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார்களை, ஒப்பிடுவதற்காக இரண்டிரண்டாகப் பிரித்து வளர்த்தார்கள். இரண்டில் மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் எட்டிய வயது, 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. நாயின் வாழ்வில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சிறிய விஷயமா?

பூனைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பருத்த பூனையால் உடலை வளைத்துத் தன் முதுகை நக்க முடியாது. வாலடியில் முடி சிக்குப் பிடித்து, பொடுகு தட்டிக் கிடக்கும். பூனை அழுக்காகிவிட்டது என்று குளிப்பாட்டக் கேட்டு வருவார்கள். நான் முதலில் எடை பார்க்கும் கருவியில் ஏற்றுவேன். இன்சுலின் தேவைப்படும் நீரிழிவும் இத்தகைய பூனைகளுக்கே அதிகம் வருகிறது. ஆரம்பத்திலேயே சிகிச்சை அளித்து எடையையும் குறைத்தால், இன்சுலினை நிறுத்தும் அளவுக்குச் சில பூனைகள் தேறிவிடுவதும் உண்டு.

அதற்காகப் பட்டினி போட்டுவிடாதீர்கள். பருத்த பூனை சில நாள் உண்ணாவிட்டாலே உடலின் கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கும். காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகும். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காவிட்டால் இறந்துவிடும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். நாய்க்கு இரண்டு சதவீதம் வரை போகலாம்.

உணவைக் கிண்ணத்தால் அளக்காமல், தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். தின்பண்டம் அன்றாடக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கருத்தடை செய்த பிராணிக்கு முன்பு போட்ட அளவு இப்போது அதிகம். தைராய்டு குறைபாடு போன்ற நோயால் பருத்த நாய்களும் உண்டு. ஆகவே அளவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். உணவை மாற்றிய பிறகு பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையென்றால், மறுநாளும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே அழைத்து வாருங்கள்.